முழங்கால் மூட்டு மாற்றுக்குப் பிறகு வீட்டில்: முதல் நாளிலிருந்து மூன்றாம் மாதம் வரை

என் அம்மாவுக்கு முதலில் வலது முழங்காலிலும், மூன்று வருடம் கழித்து இடது முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு முறையும் வீட்டில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். அறுவை சிகிச்சை இரண்டுமே நல்லபடியாக முடிந்தன. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது ஒன்றுபோல இல்லை. முதல் முறை, இதமாக இருக்கட்டும் என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்தோம். வலிக்கிறதே என்று பயிற்சியைத் தள்ளிப்போட்டோம். கால் முழுதாக நீள நான்கு மாதம் ஆனது. இரண்டாவது முறை அந்தத் தவறுகளைச் செய்யவில்லை. ஐந்தாவது வாரத்திலேயே முட்டியின் பின்பக்கம் படுக்கையைத் தொட்டுவிட்டது. அந்த வித்தியாசத்தை மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மூட்டை நேரில் பார்த்தவர் உங்கள் மருத்துவர். எலும்பு மெலிந்திருந்தாலோ, தசைநாரையும் சேர்த்துச் சரிசெய்திருந்தாலோ அவர் வேறு கட்டுப்பாடுகள் சொல்லியிருப்பார். இங்கே எழுதியிருப்பதும் அவர் சொன்னதும் முரண்பட்டால், அவர் சொன்னதையே செய்யுங்கள்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது

இது தெரிந்தால் பாதி பயம் போய்விடும். தொடை எலும்பின் கீழ் முனையையும் கீழ்க்கால் எலும்பின் மேல் முனையையும் தேய்ந்த அளவுக்குச் சீவிவிட்டு, அவற்றின் மேல் உலோகப் பாகங்களைப் பொருத்துகிறார்கள். நடுவில் தேய்மானம் தாங்கும் பாலிஎத்திலீன் தகடு ஒன்று இருக்கும். சிலருக்கு முட்டிச்சில்லின் உட்புறத்திலும் ஒரு பிளாஸ்டிக் வில்லை வைப்பார்கள். பெரும்பாலும் எலும்பு சிமென்ட் போட்டு ஒட்டுவதால் மூட்டு அன்றைக்கே உறுதியாகிவிடுகிறது. அதனால்தான் அன்று மாலையோ மறுநாளோ எழுப்பி நடக்க வைக்கிறார்கள்.

எலும்பு முறிந்தவர்களைப் போல, கூடும்வரை அசையாமல் படுத்திருக்க வேண்டிய நிலை இது அல்ல. இங்கே ஆற வேண்டியது தோலும், மூட்டைச் சுற்றிய உறையும், தொடைத் தசையும்தான். அவை ஆறும்போது தழும்புத் திசு உண்டாகும். காலை அசைக்காமல் வைத்திருந்தால் அந்தத் தழும்பு இறுகி, மூட்டையும் பிடித்துக்கொள்ளும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே வீட்டைத் தயார் செய்யுங்கள்

முதலில் நாற்காலி. கைப்பிடி வேண்டும், ஆடக் கூடாது, சற்று உயரமாக இருக்க வேண்டும். உட்கார்ந்தால் இடுப்பு முட்டியைவிடக் கொஞ்சம் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். அமுங்கும் சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே முடியாது. முதல் முறை எங்கள் வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து அம்மாவைத் தூக்க வேண்டியதாயிற்று.

அடுத்து கழிப்பறை. உட்காரும் வகைக் கமோடு தேவை. அது தாழ்வாக இருந்தால் உயரம் கூட்டும் இருக்கையை மேலே பொருத்தலாம். சுவரில் பிடிமானக் கம்பி இருந்தால் மிகவும் நல்லது. துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழ வேண்டாம், அது ஆளின் எடையைத் தாங்காது. குளிக்கும் இடத்தில் வழுக்காத விரிப்பும், நனைந்தாலும் நகராத ஒரு ஸ்டூலும் போடுங்கள்.

வாக்கரை எடுத்துக்கொண்டு கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். எந்தக் கதவில் வாக்கர் இடிக்கிறது, எந்த மிதியடி காலைத் தட்டுகிறது, எந்த வயர் குறுக்கே கிடக்கிறது என்று அப்போதுதான் தெரியும். அந்த வழியில் இரவு விளக்கு எரியட்டும். நாயோ பூனையோ இருந்தால், நடக்கும் நேரத்தில் அதை வேறு அறையில் வையுங்கள்.

வாக்கரின் உயரத்தையும் சரிபார்த்துவிடுங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் கூன் போட்டே நடக்கப் பழகிவிடுவார்கள். வாக்கர் பிடித்தால் இரண்டு கையும் அதிலேயே இருக்கும் என்பதால், போன், தண்ணீர் பாட்டில், கண்ணாடி எல்லாம் போட்டுக்கொள்ள வாக்கரில் ஒரு பை கட்டிவிடுங்கள். ஐஸ் பேக் குறைந்தது இரண்டு வாங்குங்கள். ஒன்று காலில் இருக்கும்போது மற்றது ஃப்ரீசரில் இருக்கும்.

முதல் சில நாள்: வலி கூடும், பயப்படாதீர்கள்

அறுவை சிகிச்சையின்போது காலை மரத்துப்போக வைக்க ஊசி போட்டிருப்பார்கள். அது இருக்கும்வரை, 'பரவாயில்லையே, வலியே இல்லையே' என்று தோன்றும். இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, பெரும்பாலும் வீட்டுக்கு வந்த நேரம் பார்த்து, வலி சட்டென்று ஏறும். ஏதோ தவறாகிவிட்டது என்று வீடே கலங்கிப்போகும். பெரும்பாலும் அது மருந்தின் வேகம் இறங்கியதுதான்.

முதல் இரண்டு வாரம் வலி மாத்திரையைக் கடிகாரம் பார்த்துப் போட வேண்டும். வலி வந்த பிறகு போடலாம் என்று காத்திருந்தால், ஏறிய வலியை இறக்க அதிக நேரம் ஆகும். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், போட்டதும் டிக் அடியுங்கள். பாராசிட்டமால் எல்லாம் சேர்த்து 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. உடல் எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவாகவே சொல்வார்கள். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். வீட்டில் கிடக்கும் பழைய வலி மாத்திரையை நீங்களாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

பயிற்சிக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரத்துக்கு முன்பு மாத்திரை வயிற்றில் இருக்கும்படி நேரத்தை அமையுங்கள். எங்களுக்கு இரண்டாவது முறை பெரிய மாற்றம் தந்தது இந்த ஒரு விஷயம்தான். மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்வது ஏமாற்று வேலை என்று அம்மா நினைத்திருந்தார். வலி அடங்கினால்தான் தசை ஒத்துழைக்கும், மாத்திரை அதற்காகத்தான்.

வலுவான வலி மாத்திரைகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும். மூன்று நாள் போகாமல் கஷ்டப்பட்ட பிறகு மருந்து தேடாதீர்கள். முதல் நாளே மருத்துவரிடம் மலமிளக்கி கேட்டு வாங்கி வையுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள்.

வீக்கத்தைக் கவனியுங்கள்

தொடையிலிருந்து பாதம் வரை கால் வீங்கும். ரத்தக்கட்டு கருநீலமாகக் கீழே இறங்கி, சிலருக்குக் கணுக்கால் வரை வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது மெல்லக் கரைந்துவிடும். வீக்கம் முழுதாக வடிய மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகலாம். முட்டி தொட்டால் சூடாக இருப்பதும் சில மாதங்களுக்கு இருக்கும்.

வீக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்வரை, தொடையின் முன்தசையை முழுதாக இயக்கவிடாமல் நரம்புகள் தடுத்துவிடும். 'தூக்கணும்னு நினைக்கிறேன், கால் கேட்க மாட்டேங்குது' என்று சொல்வார்கள். அது சோம்பல் இல்லை. வீக்கம் குறைந்தால் தசை தானே விழிக்கும்.

ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், நாளில் ஐந்தாறு முறை வையுங்கள். பயிற்சி முடிந்ததும் கட்டாயம் வையுங்கள். தோலில் நேரடியாக வைக்கக் கூடாது. தழும்பைச் சுற்றி உணர்ச்சி மந்தமாக இருப்பதால், தோல் புண்ணானாலும் தெரியாது. பிறகு படுத்துக்கொண்டு, பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி காலைத் தூக்கி வைக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் காலை வைப்பது இதற்கு ஈடாகாது. தலையணைகளைக் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் அடுக்குங்கள். முட்டிக்கு அடியில் மட்டும் எதுவும் வேண்டாம்.

இரண்டாவது முறை நான் தையல் டேப்பை வைத்து, முட்டிச்சில்லின் நடுவில் தினமும் காலையில் சுற்றளவு எடுத்து எழுதினேன். முந்தின நாள் காலையைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால், நேற்று அதிகம் நடந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு நடையைப் பாதியாகக் குறைத்தோம். நீட்டி மடக்கும் பயிற்சியை மட்டும் நிறுத்தவே இல்லை.

காலை நீட்டுவதுதான் முதல் வேலை

எத்தனை டிகிரி மடங்குகிறது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பார்க்க வருகிறவர்களும் அதையேதான் கேட்பார்கள். கால் முழுதாக நீள்கிறதா என்று கேட்கிறவர் குறைவு. நான் முதலில் கேட்பேன் என்றால் அதைத்தான் கேட்பேன்.

வீங்கிய மூட்டுக்கு லேசாக மடங்கிய நிலையில்தான் உள்ளே இடம் அதிகம். அதனால் கால் தானாகவே அப்படி வைத்துக்கொள்ளப் பார்க்கும். தலையணையை அடியில் வைத்தால் சுகமாக இருப்பதும் அதனால்தான். அப்படியே வாரக்கணக்கில் விட்டால் பின்பக்கத் தசைநார்கள் சுருங்கிவிடும். நீளாத காலோடு நடப்பவர் நொண்டுவார், தொடைத் தசை ஓயாமல் இழுத்துப் பிடித்துச் சோர்ந்துபோகும், இடுப்பும் மற்ற முட்டியும் சேர்ந்து வலிக்கும்.

தினமும் செய்ய வேண்டியவை இவை. பிசியோதெரபிஸ்ட் கொடுத்த எண்ணிக்கை வேறாக இருந்தால் அதன்படி செய்யுங்கள்.

1. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இருபது முறை. கெண்டைக்காலில் ரத்தம் தேங்காமல் ஓட உதவும்.

2. தொடை இறுக்குவது. காலை நீட்டிப் படுத்து, முட்டியின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்துங்கள். ஐந்து எண்ணும்வரை பிடித்துவிட்டு விடுங்கள். பத்து முறை, நாளுக்கு நாலைந்து தடவை. முட்டிச்சில்லு மேலே நகர்ந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

3. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. முட்டி அந்தரத்தில் இருக்கும்படி குதிகாலை மட்டும் தூக்கி வைத்து, ஐந்திலிருந்து பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். முட்டி தன் எடையாலேயே கீழே இறங்கும். நாளுக்கு மூன்று நாலு முறை. பார்க்க ஒன்றுமே செய்யாதது போல இருக்கும், ஆனால் எங்களுக்கு இரண்டாவது முறை காலை நீட்டித் தந்தது இதுதான். முதல் வாரம் மூன்று நிமிடத்துக்கு மேல் அம்மாவால் தாங்க முடியவில்லை. பேசிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

4. குதிகாலை இழுப்பது. படுத்தபடி குதிகாலைப் படுக்கையில் தேய்த்துக்கொண்டே பின்பக்கம் இழுத்து, முடிந்த அளவு மடக்கி, ஐந்து எண்ணிவிட்டு நீட்டுங்கள். காலுக்கடியில் வழுக்கும் பிளாஸ்டிக் பை ஒன்றைப் போட்டால் எளிது.

5. நாற்காலியில் மடக்குவது. உட்கார்ந்து காலை மெல்லப் பின்னுக்கு இழுங்கள். நல்ல காலை மேலே குறுக்கே வைத்து லேசாக அழுத்தம் கொடுக்கலாம்.

6. காலை நேராகத் தூக்குவது. முட்டி மடங்காமல் அரை அடி உயரம். தூக்கும்போது முட்டி தொய்ந்தால் இன்னும் நேரம் வரவில்லை, இரண்டாவது பயிற்சியையே தொடருங்கள்.

இழுவிசையும், தாங்கக்கூடிய வலியும் இருக்கத்தான் செய்யும். பயிற்சி முடிந்து ஐஸ் வைத்த பிறகு அரை மணி, ஒரு மணி நேரத்தில் அது இறங்கிவிட்டால் சரியான அளவு. இரவெல்லாம் நீடித்தால் மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யாராவது காலைப் பிடித்து வலுக்கட்டாயமாக மடக்குவது மட்டும் கூடவே கூடாது.

எவ்வளவு மடங்க வேண்டும்? நேராக நீட்டிய காலை 0 டிகிரி என்று வைத்துக்கொண்டால், சமதளத்தில் நடக்க ஏறக்குறைய 65 டிகிரி போதும். படி ஏற 85 வாக்கில், நாற்காலியிலிருந்து இயல்பாக எழ 90க்குச் சற்று மேல், குனிந்து ஷூ கட்ட 105 வாக்கில் வேண்டும். மூன்று நாலு வாரத்தில் 90ஐத் தொடுவது நல்ல இலக்கு. ஆறு வாரமாகியும் 90 வரவில்லை என்றால், 'போகப் போகச் சரியாகும்' என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிடும் சிகிச்சை ஒன்று உண்டு. அது முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நன்றாகப் பலன் தரும். தழும்பு இறுகிய பிறகு கடினம்.

நடை, படி, நாற்காலி

வாக்கர் முதலில், அடுத்து அறுவை செய்த கால், பிறகு நல்ல கால். குதிகால் முதலில் தரையில் பட வேண்டும். திரும்பும்போது ஊன்றிய காலைத் திருகாமல், சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடப்பதைவிட, மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் நடப்பது முதல் இரண்டு வாரத்துக்கு நல்லது. படுக்கையிலிருந்து எழுந்ததும் உடனே நிற்காமல் ஒரு நிமிடம் விளிம்பில் உட்காரச் சொல்லுங்கள், தலைசுற்றல் வரலாம்.

படிக்கு: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே. ஒரு கை கைப்பிடிச் சுவரில் அல்லது கம்பியில் இருக்கட்டும். உதவிக்கு நிற்பவர், ஏறும்போதும் இறங்கும்போதும் கீழ்ப்படியில்தான் நிற்க வேண்டும்.

உட்கார: நாற்காலி காலின் பின்பக்கம் படும்வரை பின்னால் போய், அறுவை செய்த காலை முன்னே நகர்த்தி, இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்குங்கள். எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்தால் அது கவிழும்.

இரண்டிலிருந்து நாலு வாரத்தில் பலர் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வருவார்கள். கைத்தடியை அறுவை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். இதைப் பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள். தடியில்லாமல் நொண்டுவதைவிடத் தடியோடு நேராக நடப்பது நல்லது, அவசரமே இல்லை.

புண்ணும் குளியலும்

தையலோ ஸ்டேப்பிளோ 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். தானே கரையும் தையல் என்றால் எடுக்க வேண்டியதில்லை. நீர் புகாத கட்டு போட்டிருந்தால் மேலே தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம். தொட்டியிலோ குளத்திலோ கால் முங்குவது, புண் முழுதாக ஆறி மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான். எண்ணெய், களிம்பு, பொடி எதையும் புண் மேல் போடாதீர்கள்.

உடனே மருத்துவரை அழைக்க வேண்டியவை

புண்ணைச் சுற்றிய சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, சீழோ நீரோ கசிவது, காய்ந்த புண் மறுபடி கசிய ஆரம்பிப்பது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலோடு குளிர் நடுக்கம், ஓய்விலும் கூடிக்கொண்டே போகும் வலி. இவை கிருமித்தொற்றின் அறிகுறியாக இருக்கலாம். மாற்று மூட்டில் தொற்று பரவினால் ஒவ்வொரு நாளும் முக்கியம். யாரோ மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக்கை வாங்கிப் போடாதீர்கள். தொற்று மறைந்தது போலத் தெரியும், எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கவும் முடியாமல் போகும்.

கெண்டைக்காலில் புதிதாக வலி, தொட்டால் வேதனை, இரவெல்லாம் காலை உயர்த்தி வைத்தும் வடியாத வீக்கம் இருந்தால் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். போன் செய்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையையோ ஊசியையோ, நன்றாக நடக்கிறாரே என்று பாதியில் நிறுத்தக் கூடாது. விழுந்துவிட்டால், வலி இல்லாவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

தூக்கமும் மனசும்

இதைப் பற்றி யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் அம்மா திடீரென்று அழ ஆரம்பித்தார். 'ஏன்தான் பண்ணிக்கிட்டேனோ' என்றார். இரவில் மூன்று முறை எழுவார். இது மிகப் பலருக்கு வருவது. வலி, தூக்கமின்மை, எதற்கும் அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது, எல்லாம் சேர்ந்து அழுத்தும். பார்க்க வருகிறவர்கள் ஊக்கப்படுத்துவதாக நினைத்து, 'இன்னார் ரெண்டே வாரத்துல ஓடினாங்களே' என்பார்கள். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

பகல் தூக்கத்தைக் குறைத்து, இரவு வலி மாத்திரையைப் படுக்கும் நேரத்துக்கு ஒட்டி வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க விரும்பினால் இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைக்கலாம். ஆறாவது வாரத்துக்குப் பிறகு தூக்கம் மெல்லத் திரும்பும். மனச்சோர்வு வாரக்கணக்கில் குறையவே இல்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். முட்டியைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும் என்று இல்லை.

ஆறாவது வாரத்திலிருந்து

நடை இயல்பாகும், பயிற்சி சலிக்கும். இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வலி குறைந்தாலும் தொடைத் தசையின் பலம் இன்னும் திரும்பியிருக்காது. நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்கார்வது, தாழ்வான ஒரு படியில் ஏறி இறங்குவது, நிலையான சைக்கிள் மிதிப்பது எல்லாம் இப்போது சேர வேண்டும். சைக்கிளில் முதலில் முழுச் சுற்று வராது. முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் சுற்றிவிடும். அன்றைக்கு அம்மா சிறுபிள்ளை போலக் கைதட்டினார்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு நாலிலிருந்து ஆறு வாரத்தில் திரும்பலாம். உடல் உழைப்பு என்றால் மூன்று மாதமாவது ஆகும். வண்டி ஓட்டுவது, அவசரத்தில் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க முடிந்து, மயக்கம் தரும் வலி மாத்திரைகளை முற்றிலும் நிறுத்திய பிறகு, மருத்துவர் சம்மதித்தால் மட்டும்.

அதற்கப்புறம்

தழும்பின் வெளிப்பக்கம் ஒரு பகுதி மரத்தே இருக்கும். கீறும்போது தோலுக்கடியில் ஓடும் மெல்லிய நரம்பு வெட்டுப்படுவதால் அது வருகிறது. காலப்போக்கில் அந்தப் பகுதி சுருங்கும், சிலருக்கு முழுதாகப் போகாது. நடக்கும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால், வலி இல்லாதவரை கவலை வேண்டாம், உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடும் ஒலி அது. மண்டியிட்டால் புது மூட்டு கெட்டுவிடாது, ஆனால் பலருக்கு அது அசௌகரியமாகவே இருக்கும். குத்துக்காலிட்டு உட்கார்வதையும், ஓடிக் குதிப்பதையும் தவிர்ப்பது நல்லது. நடை, நீச்சல், சைக்கிள் எல்லாம் தாராளமாகச் செய்யலாம். முழுப் பலன் தெரிய ஒரு வருடம் வரை ஆகும். பொருத்திய மூட்டுகளில் பத்தில் எட்டு, 25 வருடத்துக்குப் பிறகும் நன்றாக உழைக்கின்றன.

உடம்பில் வேறெங்கு கிருமி இருந்தாலும் ரத்தம் வழியாக இந்த மூட்டுக்கு வரலாம். சிறுநீர்த் தொற்று, பல்லில் சீழ், காலில் ஆறாத புண் எதையும் தள்ளிப்போடாமல் பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் அளவைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும், தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். பல் மருத்துவரிடம் போனால் மூட்டு மாற்றியிருக்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள், முன்னெச்சரிக்கையாக மருந்து தேவையா என்று உங்கள் எலும்பு மருத்துவரையும் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவின் பர்ஸில் எந்தக் கால், எந்த வருடம் என்று எழுதிய சின்ன அட்டை இன்றும் இருக்கிறது.